இளைஞர் பக்கம்: காற்றைப் பிடிக்கப் புறப்படுவோருக்கு

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் புதியதொரு வழக்கு நடந்து வருகிறது. இராமேசுவரம் சென்ற பிள்ளைகள், பெரிய பட்டத்தின் இழுப்பில் பலகைமீது நின்றவாறு கடலில் சறுக்கிச் செல்வோரைக் கண்டு வந்திருக்கிறார்கள். கைட் சர்ஃபிங் என்பது அதன் பெயர். அடுத்த விடுமுறையில் தாங்களும் கற்க வேண்டுமென்பது பிள்ளைகளின் கட்சி. கூடவே கூடாதென்பது பெற்றோரின் கட்சி. இரு திறத்தாரும் இப்பகுதிக்கு எழுதியிருக்கிறார்கள்.

ஒரு தாயார், “என் மகள் மெலிந்த உடம்புக்காரி; அந்த இழுப்பைத் தாங்குவாளா?” என்று கேட்கிறார். தாராளமாகத் தாங்குவாள். பட்டத்தின் இழுவையைக் கைகள் சுமப்பதில்லை. இடுப்பில் அணியும் கச்சையின் கொக்கியே அதை ஏற்றுக்கொள்கிறது. கைகளுக்கு உள்ள வேலை, பட்டத்தைத் திருப்புவதும் இழுவையைக் கூட்டிக் குறைப்பதுமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம் பெற்றபோது மகளிருக்கென்றே தனிப் போட்டி நடந்தது. பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிஜ் தங்கம் வென்றார். ஆனால் நீச்சல் அறியாத பிள்ளையை அனுப்பலாமா என்றால், கூடாது. முதலில் நீந்தக் கற்கட்டும்.

பட்டம் கடலில் விழுந்தால் மூழ்கிவிடாதா என்பது மற்றொருவர் ஐயம். மூழ்காது. அதன் முன்விளிம்பு காற்றடைத்த குழாயாகும். பிரான்சின் லெகேனியூ சகோதரர்கள் 1984-இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை கோரினர். விழுந்த பட்டத்தை நீரிலிருந்தே மீண்டும் எழுப்பலாம். எழவில்லையெனில் அதையே மிதவையாகப் பற்றிக்கொண்டு கரை சேரலாம்.

மெய்யாகவே கவலைப்பட வேண்டிய விஷயமோ ஒருவர் கடிதத்திலும் இல்லை. அது நம் கையின் சுபாவம். அச்சம் வந்தால் மனிதன் கையில் உள்ளதை இறுகப் பற்றுகிறான். பேருந்து குலுங்கினால் கம்பியைப் பிடிக்கிறோம். படியில் வழுக்கினால் சுவரைப் பிடிக்கிறோம். இவ்விளையாட்டில் அப்படிச் செய்தால் ஆபத்து. பட்டத்தின் கைத்தண்டைத் தன்பக்கம் இழுக்க இழுக்க இழுவை கூடும். பயந்தவன் இழுக்கிறான், பட்டம் மேலும் வேகமாக அவனை இழுக்கிறது, அவன் இன்னும் பயந்து இன்னும் இறுகப் பற்றுகிறான். தண்டை விட்டுவிட்டாலோ பட்டத்தின் வலு பெரும்பகுதி அடங்கிவிடும்.

ரயில்வேயில் இருப்பவனுக்கு இது எளிதில் விளங்குகிறது. மும்பை மின்சார ரயிலில் ஓட்டுநர் தம் கைப்பிடியை அழுத்தியபடியே இருக்க வேண்டும். அவர் மயங்கிக் கைவிட்டால் வண்டி தானே நின்றுவிடும். பட்டத்தின் தண்டும் ஏறக்குறைய அவ்வகையே. விட்டும் இழுவை அடங்கவில்லையெனில், கொக்கியருகில் உள்ள விடுவிப்பைத் தள்ள வேண்டும். பட்டம் ஒரே கயிற்றில் துவண்டு விழும். அப்போதும் எதிலேனும் சிக்கி இழுத்தால் அந்தக் கயிற்றையும் கழற்றிவிட்டு, பட்டம் போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். பட்டத்தின் விலையை எண்ணித் தயங்குகிறவர்கள் உண்டு. தயங்கலாகாது. இம்மூன்றையும் கரை மணலில், கண்ணை மூடிக்கொண்டும் செய்ய வரும்வரை பழக்காத ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம் என்பது என் திண்ணமான அபிப்பிராயம்.

காற்றைப் பற்றிச் சிறிது. அதன் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி விடுவதில்லை என்பது விதியாக இருந்தது. புதிதாகப் பழகுவோருக்கு 22 முதல் 37 கிலோமீட்டர் வரையே ஏற்றது. வேகத்தைப் போலவே திசையும் முக்கியம். நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று, பார்வைக்குச் சாதுவாய் இருந்தே ஆளை வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். நேரே கரைநோக்கி வீசுவது மணலில் அறையும். கரைக்குப் பக்கவாட்டில், சற்றே கரைபக்கம் சாய்ந்து வீசுவதே உத்தமம். இராமேசுவரம் குறுகிய தீவாகையால், ஒரு கரையில் கடலிலிருந்து வரும் காற்று எதிர்க்கரையில் கடலை நோக்கிப் போகும். எந்த நாளில் எந்தக் கரை என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டும். மீட்புப் படகு உண்டா என்பதைப் பெற்றோர் கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு மூன்று நான்கு நாட்களில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். முதலில் மணலில் சிறு பட்டம், பிறகு பலகையின்றி நீரில் இழுபடுதல், பிறகுதான் பலகை. அதன் பின்னும் புறப்பட்ட இடத்துக்கே சறுக்கித் திரும்பப் பலநாட் பழக்கம் வேண்டும். அதுவரை கரையோரம் பலகையைச் சுமந்து நடந்து வருவதும் பாடத்தில் சேர்ந்ததே. காற்றில்லா நாள் வீணாகும் என்பதால் ஒரு வாரமேனும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டம் முதலியவற்றை முன்கூட்டி வாங்க வேண்டாம், பயிற்சிக்கூடத்தாரே தருவார்கள். தலைக்கவசம் கேட்டு அணிக. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதைத் தலையோடு கட்ட ஒரு பட்டை கொண்டு செல்க.

அங்கே வாடைக்காற்று டிசம்பர் முதல் மார்ச் வரையும், தென்மேற்குக் காற்று ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையும் நின்று வீசும். ஆகவே தீபாவளி விடுமுறை இதற்குப் பயன்படாது. மே மாதமே பொருந்தும். 2022 டிசம்பரில் நின்ற ரயில், புதிய பாலம் திறக்கப்பட்ட 2025 ஏப்ரல் முதல் மீண்டும் இராமேசுவரம் வரை செல்கிறது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்கும். மே மாத வண்டிகளுக்கு அன்று காலையிலேயே முயல்க.