அழுக்கை மறைக்கும் கோலம்

சோபாவுக்குத் துணி தெரிவு செய்யும்போது நாம் முதலில் பார்ப்பது அழகைத்தான். மூன்று மாதம் போய், பிள்ளைகள் சிந்திய தேநீர் பளிச்சென்று தெரியும்போதுதான் இளம் நிறத்தின் வில்லங்கம் விளங்கும். வீட்டுச் சோபாவுக்கே இப்படியென்றால், நாள் முழுதும் யார் யாரோ அமர்ந்து எழும்பும் ரயில் ஆசனத்துக்கு நிறம் தெரிவு செய்வது எப்படி?

லண்டன் சுரங்க ரயில்களின் ஆசனங்களுக்கு ‘மொக்கெட்’ என்றொரு துணி உண்டு. வெல்வெட்டைப் போல இழைகள் நிமிர்ந்து நிற்கும். நூற்றுக்கு 85 பங்கு கம்பளியும் 15 பங்கு நைலோனும் சேர்த்து நெய்வதால் இலேசில் தேயாது. 1930களில் அந்நகரப் போக்குவரத்துச் சபையை நடத்திய பிராங்க் பிக், இத்துணிக்குக் கோலம் வரைய நல்ல கலைஞர்களையே அழைத்தார். 1937இல் அப்படி அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஈனிட் மார்க்ஸ் என்ற பெண்மணி. வேலை சுலபமல்ல. எத்தனை பேர் அமர்ந்தாலும் ஆசனம் புதிதுபோலத் தோன்ற வேண்டும். ஓடும் வண்டியில் அந்தக் கோலம் கண்ணைக் கூசச் செய்யவும் கூடாது.

வெறும் ஒற்றை நிறத் துணியில் ஒரு கறை பட்டால் கண் நேரே அங்கேதான் போகும். கடும் நிறமும் இளநிறமும் கலந்த சிறு கோலம் திரும்பத் திரும்ப வந்தால் கறை அதற்குள் தொலைந்துவிடும். (மறைவது வேறு, சுத்தமாவது வேறு என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!) 2010இல் அறிமுகமான ‘பார்மன்’ துணியும் இந்த வழிதான். நீல நிறத்தில், லண்டனின் மணிக்கூட்டுக் கோபுரமும் பாலமும் ஒளிந்திருக்கும். அதை வரைந்தவர்களும் இரு பெண்களே: ஹரியட் வாலஸ்-ஜோன்ஸ், எம்மா சூவெல்.

கம்பளி ஆசனம் புழுக்கமான ஊர்களுக்குச் சரிவராது என்பது என் எண்ணம். ஹொங்கொங் சுரங்க ரயிலில் துருப்பிடிக்காத உருக்கு ஆசனங்கள். ஈரத்துணியால் ஒரு துடை, வேலை முடிந்தது. பார்வைக்குக் குளிர்ச்சியில்லைதான்.

துணியை விட எனக்குப் பெரிதாகப் படுவது கைபிடிக் கம்பி. கண்ணில் வெண்படலம் விழுந்தவர்களுக்குச் சாம்பல் நிறச் சுவரின் முன்னே வெள்ளி நிறக் கம்பி தெரிவதில்லை. வண்டி குலுங்கும் நேரத்தில் கை வெறும் காற்றைத்தான் பிடிக்கும். பிரித்தானியாவில் 1998இல் வந்த விதிகளின்படி, புதிய ரயில்களில் கைபிடியின் நிறம் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். லண்டன் ரயில்கள் பலவற்றில் கம்பிகள் மஞ்சளாக இருப்பது அலங்காரத்துக்காக மட்டுமல்ல.

இதற்கு ரயில்தான் வேண்டுமென்றில்லை, சகோதரிகளே. குளியலறையின் வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைபிடியையே பொருத்தி வைத்திருக்கிறோம். அதில் கடும் நிறப் பட்டியொன்றைச் சுற்றிவிடுங்கள். படிக்கட்டின் விளிம்புகளிலும் ஒரு கோடு தீட்டிவிட்டால், உம்மும்மா இரவில் எழும்பி வரும்போது எந்தப் படி எங்கே முடிகிறதென்று காலால் தடவிப் பார்க்க வேண்டியிராது.