சங்கச் சட்டங்களும் ஆராய்ச்சி உபகாரச் சம்பளமும்

பொதுநலச் சங்கங்களையும் தர்ம ஸ்தாபனங்களையும் கட்டியாளும் சட்டங்களை ஆராய்வோருக்கு உபகாரச் சம்பளம் அளிக்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களிலும் பெருகவேண்டுமென்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. ஆயினும் அச்சம்பளம் யாரைச் சேரவேண்டும், அவர் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கவேண்டும் என்ற விஷயத்தில் நம்மவர் போதிய சிரத்தை காட்டியதாகத் தெரியவில்லை.

இத்துறையில் பேச்செல்லாம் அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தையே சுற்றி வருகிறது. அதற்குக் காரணமும் உண்டு. நெருக்கடி நிலை அமலிலிருந்த 1976-இல் பிறந்து, 2010-இல் புது வடிவம் பெற்ற அச்சட்டம், நாடே கொள்ளைநோயின் பிடியில் கிடந்த 2020 செப்டம்பரில் மறுபடியும் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் முழுவதும் முதலில் புதுடெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக்கே வரவேண்டுமென்றாயிற்று. ஒரு ஸ்தாபனம் தான் பெற்றதை மற்றொன்றுக்குப் பகிர்ந்தளிப்பது அடியோடு தடுக்கப்பட்டது. ஸ்தாபன நிர்வாகிகள் ஆதாருக்குப் பதில் பாஸ்போர்ட்டைக் காட்டலாமென்ற சலுகையைத் தவிர, 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் இத்திருத்தங்கள் செல்லுமென்றே தீர்ப்பளித்தது. அந்நியப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அநியாயமென்று நான் சொல்லவரவில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதனால் விளைந்த சேதத்தையும் அளக்கவேண்டும். இச்சட்டப்படிப் பதிவு ரத்தான ஸ்தாபனங்களின் பெயரைப் பட்டியலில் எண்ணிவிடலாம். பெரிய ஸ்தாபனம் ஒன்றின் மூலம் கிடைத்துவந்த சிறு தொகை நின்றுபோனதால், பதிவைக் கையில் வைத்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்ட கிராமத்துச் சங்கத்தை எந்தப் பட்டியலில் தேடுவது? அதைக் கண்டுபிடிக்க ஊர் ஊராகப் போகிற ஆள் வேண்டும்.

இதைவிடவும் ஆராய்ச்சியின் நிழல்கூடப் படாத இடம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தை விலக்கிவிட்டுத் தமிழ்நாடு 1975-இல் தனக்கென இயற்றிக்கொண்ட சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, நிர்வாகக் குழு மாறினால் மாவட்டப் பதிவாளரிடம் பாரம் 7 தாக்கல் செய்யவேண்டும். சங்கம் இரண்டு கட்சியாகப் பிளந்தால், இரு சாராரும் தனித்தனியே பொதுக்குழு கூட்டி, தனித்தனி மினிட் புத்தகத்தில் தீர்மானம் எழுதி, ஆளுக்கொரு பாரம் 7 கொண்டுவந்து நீட்டுவார்கள். எது மெய்யென்று முடிவாகத் தீர்க்கும் அதிகாரம் பதிவாளருக்கில்லாமையால் வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகும். அதுவரை காசோலையில் யார் கையெழுத்தைக் கொள்வதென்று வங்கிக்காரரும் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். அந்நியக் காசு ஒன்றுகூட வராத படிப்பகமும் முன்னாள் மாணவர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் அடிபடுவது இங்கேதான்.

அறக்கட்டளைகளின் நிலை இன்னும் விசித்திரமானது. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் பொது தர்மங்களுக்குப் பொருந்தாது. பம்பாய் மாநிலம் 1950-லேயே பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும் தர்ம கமிஷனர் பதவியும் ஏற்படுத்திக்கொண்டது. நம்மிடமோ, சமய சம்பந்தமில்லாத பொது அறக்கட்டளை சார்பதிவாளரிடம் பத்திரம் பதிந்ததோடு சரி, அதன்பின் வருமான வரி அதிகாரியைத் தவிர அதன் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் அரிது. இந்த அசிரத்தை தர்மத்துக்கு அனுகூலமா, மோசடிக்கு அனுகூலமா என்பதை ஆராய்ந்து சொல்ல ஒருவருக்கு இரண்டாண்டுச் சம்பளம் கொடுத்தால் நஷ்டமில்லை.

ஆகவே, தலைநகரில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பழகியவருக்கே எல்லாச் சம்பளத்தையும் வழங்காமல், மாவட்டக் கோர்ட்டில் தொழில் நடத்தும் இளம் வக்கீலுக்கும், பத்துச் சங்கங்களுக்குக் கணக்கெழுதிக் கொடுத்து அனுபவப்பட்டவருக்கும், பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பங்கு ஒதுக்கவேண்டும். தனி மனிதருக்குச் சம்பளமாக வரும் அயல்நாட்டுப் பணத்துக்கு அந்நிய நன்கொடைச் சட்டத்திலேயே விலக்கு உண்டெனினும், நம் சட்டத்தை ஆராய நம்மவர் பணமே கிடைப்பது உசிதம். அறிக்கை தமிழில் அமையட்டும். ஒரு பிரதி பதிவுத்துறைத் தலைவருக்கும் மற்றொன்று சட்டமன்ற நூலகத்துக்கும் போகட்டும்.