பெயர் ஒன்று, ஆள் இரண்டு

நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் மட்டும் படியுங்கள். படிக்காமல் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கு என் வகுப்பில் என்ன நடக்கும் என்று பழைய பிள்ளைகளுக்குத் தெரியும்.

கொஞ்ச காலமாக நம் குரூப்புகளில் ஒரு காய்ச்சல் பரவியிருக்கிறது. 'எங்கள் வம்சாவளி' என்று ஒரு படம் வருகிறது. உச்சியில் மீசை வைத்த ஒரு பெரியவர். அவருக்குக் கீழே கட்டம் கட்டமாக ஆண்களின் பெயர்கள். சிலர் அதைக் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரிலேயே அச்சடித்து விடுகிறார்கள். "டீச்சர், பார்த்துச் சொல்லுங்க" என்று எனக்கும் அனுப்புகிறார்கள். பார்த்துவிட்டேன், சொல்கிறேன். எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை வம்சாவளியே இல்லை. ஒரே பெயருள்ள இரண்டு பேரை, மூன்று பேரை ஒன்றாக ஒட்டித் தைத்த சட்டை அது. யார் உடம்புக்கும் சேராது.

நான் செல்லூரில் பிறந்தவள். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள். முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த உரிமையில் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். உதாரணத்துக்கு, முத்தையா மகன் கருப்பையா. கருப்பையா தன் மூத்த மகனுக்கு அப்பா பெயரை வைப்பார், அவன் முத்தையா. அந்த முத்தையாவின் மகன் மறுபடியும் கருப்பையா. இனிஷியல் போட்டாலும் தப்பிக்க முடியாது. மு.கருப்பையா ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருப்பார். முத்தையாவுக்கு மூன்று மகன்கள் இருந்தால் இன்னும் வேடிக்கை. மூவரும் தலைமகனுக்கு அதே பெயரை வைப்பார்கள். ஒரே தெருவில், ஒரே காலத்தில் மூன்று முத்தையா! அதனால்தான் ஊரில் பெரிய, சின்ன, கருத்த, செவத்த என்று அடைமொழி போட்டுக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் போனதும் அடைமொழியும் போய்விட்டது. பெயர் மட்டும் பத்திரத்தில் நிற்கிறது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். மாமனார் பெயரை வைத்த சொந்த மகனைக்கூட 'ராசா', 'சாமி', 'தொரை' என்றுதான் கூப்பிட முடியும். ஆக, கதை சொல்லிய பாட்டிமார்களின் வாயில் ஆண்களின் பெயர் இல்லை. கணக்கு எழுதிய ஆண்களின் ஏட்டில் பெண்களின் பெயர் இல்லை. இந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்தான் நாம் வம்சாவளி போடுகிறோம்.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளையும் ஒன்றாக்கிவிடுவது நமக்குப் பழகிய வேலை. அதியமானைப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள். நம் மனதில் இருப்பதோ 1953இல் வந்த சினிமாவில் கே.பி.சுந்தராம்பாள் நடித்த ஒரே பாட்டிதான்.

நம்மூர் நாயக்கர் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கரின் மகன் முத்துவீரப்பர். அவர் மகன் சொக்கநாதர். அவர் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர். அவர் மகன் விஜயரங்க சொக்கநாதர். நான் மேலே சொன்ன முத்தையா, கருப்பையா கணக்கு அப்படியே இருக்கிறதா? பரீட்சையில் பிள்ளைகள் குழம்புவார்கள். நான் ஒரு வழி சொல்லித் தருவேன். மங்கம்மாளைப் பிடித்துக்கொள். ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் இருக்கிறதே, அந்த ராணி மங்கம்மாள். அவர் யாருக்கு மனைவியோ அவர் சொக்கநாதர். யாருக்கு அம்மாவோ அவர் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர். யாருக்குப் பாட்டியாக இருந்து 1706 வரை நாட்டை ஆண்டாரோ அவர் விஜயரங்க சொக்கநாதர். ஒரு பெண்ணின் பெயரை வைத்ததும் மூன்று ஆண்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றுவிட்டார்கள்.

ராமநாதபுரத்துக்கும் இதே கதைதான். 1795இல் கம்பெனிக்காரன் பதவியிறக்கிச் சிறைவைத்தவர் முத்துராமலிங்க சேதுபதி. 1868இல் பிரிவி கவுன்சில் வரை போன புகழ்பெற்ற சுவீகார வழக்கில் மதுரைக் கலெக்டரை எதிர்த்து ஜெயித்தவரும் முத்துராமலிங்க சேதுபதி. இருவரும் வேறு வேறு ஆட்கள். முன்னவர் மங்களேஸ்வரி நாச்சியாரின் சகோதரர். பின்னவர் பர்வதவர்த்தினி நாச்சியார் சுவீகாரம் எடுத்த பிள்ளை, பாஸ்கர சேதுபதியின் அப்பா. இங்கேயும் ஆளைப் பிரித்துக் காட்டுவது நாச்சியார்களின் பெயர்கள்தான்.

ராஜா வீட்டுக்கு எழுதிவைக்க ஆள் இருந்தது. தறிக்காரன் வீட்டில், கொத்தனார் வீட்டில், சம்சாரி வீட்டில் அந்தப் பெண் பெயர்களை யார் எழுதிவைத்தார்கள்? நான் பார்த்தவரை, உயில்.

விற்பனைப் பத்திரத்தில் வாங்கியவர் பெயர், விற்றவர் பெயர், அவரவர் அப்பா பெயர், அதோடு சரி. உயில் அப்படி இல்லை. சாகப்போகிறவன் உட்கார்ந்து தன் குடும்பத்தை வரிசையாகச் சொல்கிறான். மூத்த தாரம் யார், அவள் எந்த ஊர்ப் பெண், அவளுக்கு எத்தனை பிள்ளைகள், இளைய தாரம் யார் என்று சொல்கிறான். சென்னை மாகாணத்தில் இருதார மணத்துக்குத் தடை வந்ததே 1949 சட்டத்தில்தான். அதற்கு முந்தைய உயில்களில் இரண்டு மனைவியரையும் ஒளிக்காமல் எழுதியிருப்பார்கள். சொத்து எப்படி வந்தது என்றும் சொல்லியாக வேண்டும். 1956 வரை, கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பங்கை ஒரு இந்து உயிலால் எழுதிவைக்க முடியாது. அதனால் 'இது என் சுயார்ஜிதம், பிதுரார்ஜிதம் அல்ல' என்று சொல்லி, எந்த வருஷம் யாரிடம் கிரயம் வாங்கியது என்று கதையையே எழுதுவார்கள். அந்த ஒரு வார்த்தையின் கனம் சிவகங்கைக்காரர்களுக்குத் தெரியும். ஜமீன் கௌரிவல்லபரின் சுயார்ஜிதம் என்று 1863இல் பிரிவி கவுன்சில் சொன்னதால்தான் அது பங்காளி வழிக்குப் போகாமல் மகள் காத்தம நாச்சியாருக்கு வந்தது.

உயிலை எப்படிப் படிப்பது? வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன்.

வருஷத்தைப் பார். ஆனால் வருஷத்தின் பெயரை நம்பாதே. 'பிரபவ வருஷம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷம் என்பது ஏறக்குறைய தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள இடைவெளி. ஆள் பெயரும் திரும்பும், வருஷப் பெயரும் திரும்பும். இங்கிலீஷ் தேதியோ பதிவு எண்ணோ கூட இருக்கிறதா என்று தேடு. தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் ௧ என்பதைக் 'க' என்றும் ௭ என்பதை 'எ' என்றும் வாசித்துவிடாதே.

உறவுச் சொல்லைப் பார். நம் வழக்கில் பெரியப்பா மகனும் தம்பிதான், கூடப் பிறந்த மகனைப் போலத் தம்பி மகனும் மகன்தான். 'சொந்த மகன்', 'சுவீகார புத்திரன்' என்று பிரித்து எழுதியிருக்கிறதா என்று கவனி. சுவீகாரம் போனவனுக்கு அப்பா பெயரே மாறிவிடும்.

கையெழுத்தைப் பார். ஒரு முத்தையா கையெழுத்துப் போட்டு, இன்னொரு முத்தையா ரேகை வைத்திருந்தால் அங்கேயே நின்று யோசி.

சாட்சிகளையும் நான்கெல்லையையும் பார். 1927க்குப் பிறகு எழுதிய உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். (அதற்கு முன் நம் பக்கத்து இந்துக்களிடையே வாய்மொழி உயிலும் செல்லும்.) சாட்சி பெரும்பாலும் பங்காளியோ மாமன் மச்சானோதான். அப்பா சாட்சி போட்ட பத்திரத்துக்குப் பிறகுதான் அப்பா செத்திருக்க வேண்டும். இது சின்னக் கணக்குத்தான், ஆனால் நிறைய முடிச்சு இதில் அவிழும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உயிலில் பெயர் இல்லை என்பதால் அந்தப் பிள்ளையே பிறக்கவில்லை என்று எழுதாதே. பாகம் பிரிந்து போன மகனை விட்டிருப்பார்கள். சீர் செய்து அனுப்பிய மகளை விட்டிருப்பார்கள்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். சொந்தத்தில் ஒருவர் அச்சடித்த வம்சாவளியில் என் கொள்ளுத்தாத்தா நூற்றுப் பத்து வயதைத் தாண்டி வாழ்ந்தார், மூன்று கல்யாணம் செய்தார். கேட்டவர்கள் எல்லாம் "அந்தக் காலத்து உடம்பு" என்று பெருமைப்பட்டார்கள். உயிலின் நகலை எடுத்துப் பார்த்தேன். தாத்தா ஒருவர், பேரன் ஒருவர். இருவருக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். 'மூன்றாவது மனைவி' என்று போட்டிருந்தார்களே, அந்த அம்மா பேரனின் மனைவி. பெரியவருக்கு அவர் பேத்தி முறை மருமகள்! அந்தப் புண்ணியவதி உயிரோடிருந்து அந்த அச்சைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

அதைவிட என்னைச் சுட்டது வேறு. பெரியவர் தன் உயிலில் ஒரு மகளுக்கு வீட்டின் வடபுறத்து அறையையும் ஒரு குழித்தறியையும் எழுதிவைத்திருக்கிறார். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், 'அவள் ஆயுள் வரை யாரும் அவளை வெளியேற்றக் கூடாது' என்று ஒரு வரி. வம்சாவளியில் அந்த மகள் இல்லை. தலைக்கட்டு வரி நோட்டைப் பார்த்து எழுதினால் எப்படி இருப்பாள்? ஆண் தலையைத்தானே அந்த நோட்டு எண்ணுகிறது! அவள் தறி நெய்து வளர்த்த பிள்ளைகளின் வாரிசுகள் இன்றும் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நம் விசேஷங்களில் அவர்களுக்குப் பத்திரிகை போவதில்லை.

இதைச் சொன்னபோது வந்த பதில்களையும் சொல்லிவிடுகிறேன்.

"பழசைக் கிளறினால் சொத்துத் தகராறு வரும்." பழைய உயிலை எடுத்து வாசிப்பதாலேயே யாருக்கும் புதிதாக உரிமை முளைத்துவிடாது. பயம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள். தகராறுக்குப் பயந்து ஒரு மனுஷியை இல்லாமல் ஆக்குவதற்கு மட்டும் பயமில்லையா? உயில் என்றாலே சண்டை என்று நினைக்கிறவர்கள், பச்சையப்ப முதலியார் 1794இல் எழுதிய உயில்தான் பிறகு பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் ஆனது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"பொம்பளைப் பேரு எதுக்கு டீச்சர், அது வேற வீட்டுக்குப் போனதுதானே?" போனவளைச் சொல்கிறாயே தம்பி, வந்தவள் பெயரையாவது போட்டாயா? உன் அம்மா எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்? பேத்திக்கும் பாட்டி பெயர் வைக்கிறோம், அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுகிறோம், அதனால் பெண் பெயரும் திரும்பத்தான் செய்யும். ஆனால் அதே புருஷன் பெயர், அதே பெண்டாட்டி பெயர், அதே பிறந்த ஊர், மூன்றும் சேர்ந்து திரும்புவது அபூர்வம். ஆணை அடையாளம் காட்டவாவது பெண்ணை எழுது என்று கெஞ்ச வேண்டியிருப்பதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

"வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டோம், உயில் எதுவும் இல்லை." வில்லங்கச் சான்றில் உயில் வராது. பதிவு அலுவலகத்தில் உயில்களும் சுவீகாரம் எடுக்கும் அதிகாரப் பத்திரங்களும் 3ஆம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் இருக்கும். பதிவுச் சட்டம் 1908, 57ஆம் பிரிவின்படி எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோதான் நகல் கிடைக்கும். அவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து நகல் வாங்கலாம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் பதிவாகாத உயில் உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கிடக்கவும் வாய்ப்பு உண்டு. போகிக்கு எரிப்பதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிடைத்தால் லேமினேஷன் போடாதீர்கள், பழைய தாள் பாழாகும். போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

கும்பாபிஷேக மலர் அச்சடிக்கக் காத்திருக்கும் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண் பெயருக்குப் பக்கத்திலும் நாலு விஷயம் எழுதுங்கள்: அம்மா பெயர், மனைவி பெயர், அவள் பிறந்த ஊர், எந்தப் பத்திரத்தில் பார்த்தது. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தை நாளைக்கு ஒரு பேத்தி வந்து நிரப்புவாள். தப்பாக நிரப்பிய கட்டத்தை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

திட்ட வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் கமெண்டில் திட்டுங்கள். திட்டுவதற்கு முன் உங்கள் அப்பாவுடைய அப்பாவின் அம்மா பெயரை முதல் வரியில் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.