கரடிக்கு ஒரு கடிவாளம்!

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. அதில் ‘ட்ரூயிட்’, விலங்காக உருமாறும் காட்டு மந்திரவாதி.

2014 விதிகளில் ‘மூன்’ பிரிவு ட்ரூயிட், இரண்டாம் லெவலிலேயே பழுப்புக் கரடியாகலாம். கரடிக்கு உயிர்ப்புள்ளிகள் 34. அதே லெவல் போர்வீரருக்கோ 20 சொச்சம்தான். கரடி வீழ்ந்தாலும் ட்ரூயிட்டின் சொந்தப் புள்ளிகள் பத்திரம். மிஞ்சிய அடி மட்டுமே அவர்மேல் விழும். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்!

2024-ல் இது மாறியது: சொந்தப் புள்ளிகளோடுதான் உருமாற வேண்டும், லெவலுக்கேற்பக் கொஞ்சம் தற்காலிகப் புள்ளிகள் கிடைக்கும்.

சொந்தமாகக் கதை அமைப்பவர்கள் இதோடு விலங்குப் பட்டியலையும் கதைக்களத்தோடு கட்டிவிடலாம். பாலைவனத்தில் கரடி ஏது? ஒட்டகமாக மாறித் தண்ணீர் சுமக்கட்டும். சண்டையைப் போர்வீரர் பார்த்துக்கொள்வார். மேஜையில் எல்லோருக்கும் வேலை இருக்கும்.