பந்தலும் மின்ஸாரக் கம்பியும்

2004ஆம் வருஷம் ஜனவரி மாதம் 23ந் தேதி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூண்ட தீயில் மணமகன் உள்பட 50 பேருக்கு மேல் மாண்டனர். வீடியோ படம் பிடிப்பதற்காக இழுத்த மின்ஸாரக் கம்பியில் கோளாறு நேர்ந்து, கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டதாகக் கூறப்பட்டது. மண்டபங்களைப் பற்றி அன்று எல்லோரும் பேசினோம், வீடுகளை மறந்தோம்.

அதே ஜில்லாவிலுள்ள வையம்பட்டியில் ஒருவர் தம் வீட்டு வாசலில் காதுகுத்துக்குப் பந்தல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடத்துப் பிளக்கிலிருந்து மெல்லிய கம்பியொன்று கீற்றினூடே செல்லும். விளக்குகள், ஒலிபெருக்கி, மாவரைக்கும் யந்திரம் யாவும் அதையே நம்பியிருக்கும். தாங்குமளவுக்கு மேல் மின்ஸாரம் ஓடினால் கம்பி சூடேறி மேலுறை உருகும். அதற்கு முன் தான் உருகி மின்ஸாரத்தைத் துண்டிப்பதே ப்யூஸின் வேலை. பழைய வீடுகளில் அது அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைக்கும் சாமர்த்தியசாலிகள் நம்மில் ஏராளம்!

விளக்கு, விசிறி, ப்யூஸ் போன்றவற்றை மாற்றுவது நீங்கலாக, மின்ஸார வேலையை லைசென்ஸ் பெற்றவரைக் கொண்டே செய்யவேண்டுமென்று 1956ஆம் வருஷத்து இந்திய மின்ஸார விதிகளே கூறின. பின்வந்த விதிகளும் அதைக் கைவிடவில்லை. ஒரு நாள் பந்தலுக்கு லைசென்ஸ் எதற்கு என்பது நம்மவர் கேள்வி. ஸ்ரீரங்கத்தில் இழுத்ததும் ஒரு முகூர்த்தத்துக்கான கம்பியே.

ஸர்க்கார் அதிகாரி ஒவ்வொரு வாசலுக்கும் வந்து நிற்க முடியாது. பந்தற்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, கம்பி இழுப்பவரின் லைசென்ஸைக் காட்டும்படி கேட்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.