தொங்கும் கன்னத்தை தூக்க 'நூல்' சிகிச்சை: 'ஆபரேஷன் இல்லை' என்ற பேச்சை நம்பி போகலாமா?

கோவை,

நூலுக்கு பேர் போன ஊர் கோவை. மில்லில் ஓடிய நூல், தறியில் ஓடிய நூல் என்று எல்லா நூலையும் பார்த்த ஜனங்களுக்கு இப்போது புதுசாக ஒரு நூல் வந்து சேர்ந்திருக்கிறது. இது துணிக்கு அல்ல. தொங்கிப்போன கன்னத்துக்கு!

'திரெட் லிப்ட்' என்று பெயர். தோலுக்கு அடியில் நூலை செருகி, தொங்கும் சதையை மேலே இழுத்து பிடிக்க வைக்கும் சிகிச்சை இது. சினிமாக்காரர்கள் செய்கிற சமாசாரம் என்று ஒரு காலத்தில் பேசினார்கள். இப்போது கோவை போன்ற ஊர்களிலும் தோல், அழகு சிகிச்சை கிளினிக்குகளில் சர்வசாதாரணமாக கிடைக்கிறது.

'கத்தி கிடையாது, தையல் கிடையாது, மத்தியானம் வந்தால் சாயங்காலம் வீட்டுக்கு போயிடலாம்' என்பதுதான் விளம்பரங்களின் பல்லவி. இதில் மயங்குவது பெரும்பாலும் வயசு பெண்கள் அல்ல. மகனுக்கோ, மகளுக்கோ கல்யாணம் வைத்திருக்கும் 50 வயசு அம்மாக்கள்தான். 'என்னக்கா, முகமே வாடிப்போச்சு?' என்று சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டுவிட்டால் போதும், கண்ணாடி முன்னால் போய் கன்னத்தை ரெண்டு விரலால் தூக்கி பார்க்காத ஆள் இல்லை. ஆண்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் 'ஆபரேஷன் இல்லை' என்ற ஒரே வார்த்தைக்காக பணத்தை எடுத்து வைப்பவர்கள், அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உள்ளே போவது என்ன?

முகத்தில் ஊசி போட்டு மரத்துப்போக செய்கிறார்கள். பிறகு காது பக்கம், நெற்றிப்பொட்டு முடி ஓரம் சின்னதாக ஒரு துளை. அதன் வழியாக நீளமான ஊசியை தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு படலத்தில் வாய் ஓரம் வரை ஓட்டுகிறார்கள். ஊசியை உருவினால் நூல் உள்ளேயே தங்கி விடும்.

இந்த நூல் வழவழப்பான நூல் அல்ல. உடம்பெல்லாம் பொடிப்பொடி முள். கையில் சிராய் ஏறினால் எப்படி ஒரு பக்கம் போகும், மறுபக்கம் வராதோ, அந்த மாதிரி சதையை கவ்விக்கொள்ளும். மேலே இழுத்து, மிச்ச நூலை வெட்டி விட்டால் வேலை முடிந்தது. ஒரு கன்னத்துக்கு பல நூல்கள் போகும். மொத்தமே ஒரு மணி நேர வேலைதான்.

கத்தி இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் நரம்பும், ரத்தக்குழாயும், உமிழ்நீர் சுரப்பியும் நெருக்கியடித்து இருக்கும் இடத்தில் கண்ணால் பார்க்காமல், கை பழக்கத்தில் ஊசி ஓட்டுகிறார்கள். அதை 'பார்லர் வேலை' என்று நினைப்பது தப்பு கணக்கு.

கரைகிற நூல், கரையாத நூல்

கன்னத்தில் முள் நூல் வைக்கும் யோசனை 1990-களின் கடைசியில் மாஸ்கோவில் மார்லன் சுலமனிட்சே என்ற டாக்டரால் பிரபலம் ஆனது. அப்போது போட்டது கரையாத பாலிபுரப்பிலீன் நூல். அமெரிக்கா வரை போய் கொடி கட்டியது. ஆனால் நூல் நகர்கிறது, தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டு வருகிறது என்று புகார்கள் கிளம்பியதும் மவுசு குறைந்தது.

பிறகு வந்ததுதான் கரையும் நூல். கொரியாவில் சக்கைப்போடு போட்டு அங்கிருந்து மற்ற நாடுகளுக்கு பரவியது. இதில் அதிகம் புழங்குவது 'பி.டி.ஓ.' எனப்படும் பாலிடயாக்சனோன். ஆஸ்பத்திரிகளில் உள் தையல் போட பல வருஷமாக பயன்படுத்தும் அதே சரக்குதான். சுமார் 6 முதல் 8 மாதத்தில் உடம்புக்குள்ளேயே கரைந்து விடும். பி.எல்.எல்.ஏ., பி.சி.எல். என்ற வகைகள் இன்னும் கொஞ்சம் தாமதமாக கரையும். விலையும் கூட.

நூல் கரைந்த பிறகு என்ன பிடித்து வைக்கும்? நூலை சுற்றி உடம்பு புதுசாக 'கொலாஜன்' என்ற நார்ப்பொருளை உண்டாக்கும், அது தாங்கும் என்கிறார்கள். கொஞ்சம் உண்டாவது நிஜம்தான். ஆனால் பலருக்கு ஒரு வருஷத்திலேயே கன்னம் பழையபடி இறங்கி விடுகிறது. நன்றாக அமைந்தவர்களுக்கு ஒன்றரை, ரெண்டு வருஷம் ஓடலாம். '5 வருஷம் கியாரண்டி' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்து விடுவது நல்லது.

சில பத்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தை தாண்டும் செலவு இது. அழகுக்காக செய்வதற்கு மருத்துவ இன்சூரன்ஸ் பைசா தராது. வைத்தியத்துக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்கு கிடையாது. வளையலை அடகு வைத்து போட்ட நூல், அந்த வளையலை மீட்பதற்குள் கரைந்து போகலாம்.

யாருக்கு பலிக்கும்?

லேசாக தொங்க ஆரம்பித்தவர்களுக்கு, தோலில் இன்னும் கொஞ்சம் திடம் இருப்பவர்களுக்குத்தான் இது கை கொடுக்கும். கழுத்து சதை பை மாதிரி தொங்குகிறவர்களுக்கும், கன்னம் கனத்து இறங்கியவர்களுக்கும் நூலால் அந்த பாரத்தை தாங்க முடியாது. அவர்களுக்கு நிஜமான ஆபரேஷன்தான் வழி. இதை முதல் நாளே சொல்லி திருப்பி அனுப்புகிற டாக்டர் நல்ல டாக்டர்.

முகம் தொங்க தோல் மட்டுமே காரணமும் அல்ல. மாதவிலக்கு நின்ற முதல் 5 வருஷத்தில் பெண்களின் தோலில் கொலாஜன் சுமார் 30 சதவீதம் வரை குறைகிறது. கன்னத்து கொழுப்பு வற்றுகிறது, தாடை எலும்பு தேய்கிறது. கடைவாய் பல் போனவர்களுக்கு கன்னம் உள்ளே ஒடுங்குகிறது. பல் கட்டினாலே பாதி முகம் திரும்பி வந்துவிடும் பலருக்கு. அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை!

இன்னொரு கூட்டமும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2025-ல் மவுஞ்சாரோ, வீகோவி என்ற உடல் எடை குறைப்பு ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. மளமளவென்று எடை இறங்கியவர்களுக்கு முகத்து கொழுப்பும் சேர்ந்து கரைந்து கன்னம் வற்றிப்போகிறது. காற்று போன பலூனை கயிறு கட்டி இழுத்தால் உப்பி விடுமா? நூல் இழுக்கும், நிரப்பாது.

கல்யாணத்துக்கு முந்தின வாரமா?

நூல் போட்ட மறுநாளே முகம் ஜொலிக்காது. வீங்கும், கன்றிப்போகும். சிரித்தால் சுருக்கென்று இழுக்கும். 2021-ல் வெளியான ஒரு ஆய்வு, அதுவரை நடந்த பல ஆய்வுகளை கூட்டி பார்த்தது. வீக்கம் 35 சதவீதம், தோலில் குழி விழுவது 10 சதவீதம், மரத்துப்போவது 6 சதவீதம், நூல் வெளியே தெரிவது அல்லது கையில் தட்டுப்படுவது 4 சதவீதம், சீழ் பிடிப்பது 2 சதவீதம் என்று கணக்கு வந்தது. பெரும்பாலானவை தானாக சரியாகி விடும். ஆனால் குழி விழுந்த கன்னத்தோடு மணமேடையில் நிற்க வேண்டியவருக்கு இந்த சமாதானம் உதவாது. முகூர்த்தத்துக்கு ஒரு மாசமாவது இடைவெளி வேண்டும்.

அந்த நாட்களில் குப்புற படுக்கக்கூடாது. முகத்தை தேய்க்கவோ, மசாஜ் செய்யவோ கூடாது. வாயை அகல திறக்கும் பல் வைத்தியத்தை தள்ளிப்போட வேண்டும். முறுக்கு, கரும்பு, வெற்றிலை பாக்கு எல்லாவற்றுக்கும் தடா. கல்யாண வீட்டில் இது நடக்கிற காரியமா என்று யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் தங்கள் வழக்கமான டாக்டரை கேட்க வேண்டும். மாத்திரையை தாங்களாகவே நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்லி விட வேண்டும். நம் ஊர் மாநிறத்துக்கும், கறுப்பு நிறத்துக்கும் ஊசி பட்ட இடம் கருமை தட்டுவதும் உண்டு.

ஊசி பிடிப்பது யார்?

எல்லாவற்றையும் விட பெரிய கேள்வி இதுதான். ஒரு மாச 'காஸ்மெட்டாலஜி' கோர்ஸ் சர்ட்டிபிகேட்டை சுவரில் மாட்டிவிட்டால் டாக்டர் ஆகி விட முடியாது. அழகு சிகிச்சைகளை முறையான பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜரி, தோல் சிகிச்சை நிபுணர்கள்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ கமிஷன் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூப் பார்த்து கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அப்படி சொல்ல வேண்டிய நிலைமை வந்ததே, அதை நினைத்தால்தான் பகீர் என்கிறது.

2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்கு போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிர் இழந்தார். 2022-ல் பெங்களூருவில் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்கு போன இளம் டி.வி. நடிகை இறந்தார். நூல் சிகிச்சை அந்த அளவுக்கு ஆபத்தானது அல்ல. ஆனால் மரத்துப்போகும் ஊசி இதிலும் உண்டு. அது ஒத்துக்கொள்ளாமல் போனால் சமாளிக்க தெரிந்த ஆளும், மருந்தும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

டாக்டரின் பதிவு எண்ணை கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். இந்திய மருத்துவ பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தேசிய மருத்துவ கமிஷன் இணையதளத்திலேயே பார்க்கலாம். கிளினிக் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறை சட்டத்தில் பதிவு ஆகியிருக்கிறதா என்றும் கேட்கலாம். நூல் பாக்கெட்டை கண் முன்னால் பிரிக்க சொல்லி, அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாங்கி பத்திரப்படுத்த வேண்டும். நூலின் வகை, பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். சீழ் பிடித்து இன்னொரு டாக்டரிடம் ஓடும்போது, அவர் முதலில் கேட்பது 'என்ன நூல் போட்டாங்க?' என்பதைத்தான்.

பில் இல்லாமல் 'ஆபர்' விலைக்கு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். பில்லும், கையெழுத்து போட்ட ஒப்புதல் படிவத்தின் நகலும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சுலபமாக வழக்கு போடலாம். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கோர்ட்டு கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

போடலாமா, வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் நூல் விற்கிற இடத்திலேயே போய் யோசனை கேட்க வேண்டியதில்லை. கோவை அரசு ஆஸ்பத்திரியில் தோல் சிகிச்சை பிரிவும், பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் இருக்கின்றன. காலையில் போய் ஓ.பி. சீட்டு எடுத்தால், காசு வாங்காத டாக்டரிடம் கன்னத்தை காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம்.