சேமியாவுக்கு என்ன குறைச்சல்?

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவர் ஒருவர்)

உண்ணும் உணவில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் மதிய மணி அடித்து, வேப்பமரத்தடியில் வட்டமாக அமர்ந்து டிபன் பாக்ஸ்களைத் திறக்கும்போது, நம்மில் எத்தனை பேர் மூடியைப் பாதி மட்டும் திறக்கிறோம்! அப்படித் திறந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இக்கட்டுரையை யாரையும் குற்றம் சாட்ட எழுதவில்லை. முதல் குற்றவாளி நானே.

என் தாயார் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கும் வேலைக்குச் செல்பவர். மொட்டு விரிவதற்கு முன் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே அதிகாலை நாலு மணிக்கெல்லாம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஏழு மணிக்கு வீடு திரும்பினால், ஏழரைப் பேருந்தைப் பிடிக்கும் எனக்குச் சமைத்துக் கட்டித்தர அவருக்கு இருப்பது அரை மணி நேரம். அந்த அரை மணியில் ஆகக்கூடியது சேமியா உப்புமா. வாரத்தில் மூன்று நாள் எனக்கு அதுதான்.

முதலாம் ஆண்டில் ஒருநாள் நண்பன் ஒருவன் என் டப்பாவை எட்டிப் பார்த்து, “என்னடா, இன்னைக்கும் புழுவா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த மூன்று சேமியா நாள்களில் அந்த உணவைப் பேருந்து நிலையத்து நாய்க்குப் போட்டேன். மாலையில் அம்மா கேட்டபோது, “நல்லாயிருந்துச்சும்மா” என்றேன்.

பிறகு அதே நண்பனின் பிறந்தநாள் வந்தது. நால்வர் சேர்ந்து பைபாஸ் சாலையில் ஓர் உணவகத்துக்குப் போனோம். ஒரு தட்டுப் பாஸ்தா 240 ரூபாய். வெண்ணெய்ச் சாறு மேலே ஊற்றி, பச்சைத் தழை இரண்டு தூவி வந்தது. நால்வரும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம். ஒருவாய் எடுத்து வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என் வீட்டுச் சேமியாவின் அண்ணன் அல்லவா!

ஆம் நண்பர்களே, உறவு முறை சரியாகத்தான் இருக்கிறது. பாஸ்தா என்பது என்ன? கோதுமை மாவைப் பிசைந்து, துளையிட்ட அச்சின் வழியே அழுத்திப் பிழிந்து, காய வைத்து எடுத்த பொருள். சேமியா என்பது என்ன? அதுவே! துளை பெரிதானால் மாக்கரோனி, நீண்டு உருண்டால் ஸ்பகெட்டி, மெலிந்தால் வெர்மிசெல்லி. அந்த வெர்மிசெல்லி என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பொருள் தெரியுமா? ‘சின்னஞ்சிறு புழுக்கள்’ என்பதே! என் நண்பன் கேலியாகச் சொன்னதை இத்தாலியர் பெருமையாகப் பெயர் சூட்டி உண்கிறார்கள்.

வேறுபாடு மாவில் இருக்கிறது. காய்ந்த பாஸ்தாவை டூரம் என்னும் கடினக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967-இல் சட்டமே இயற்றியது. அந்தக் கோதுமை வெந்தாலும் குழையாது. அதுவும் நமக்கு அந்நியமன்று. மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் விளைகிறது. நம் கடைகளில் கிடைக்கும் சேமியாவில் பெரும்பகுதி மைதாவிலோ ரவையிலோ ஆனது; எளிதில் குழையும். அதனால்தான் நம் தாய்மார்கள் அதை முதலில் எண்ணெயில் சிவக்க வறுக்கிறார்கள். மாவின் குறையைக் கைப்பக்குவம் ஈடு செய்கிறது. இதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை!

வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். மார்க்கோ போலோதான் சீனத்திலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுசென்றார் என்று ஒரு கதை உலவுகிறது. அவர் சீனத்திலிருந்து திரும்பும் வழியில் நம் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைக் கண்டு எழுதியவர். வெனிஸ் திரும்பியது 1295-இல். ஆனால் 1154-லேயே அல் இத்ரீசி என்ற அரபு நிலவியலறிஞர், சிசிலித் தீவில் இழை இழையாக மாவுணவு செய்து கப்பலேற்றி அனுப்புவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆக, அந்தக் கதை நிற்காது. சீனத்தில் லாஜியா என்னுமிடத்தில் கவிழ்ந்த கிண்ணத்தினடியில் கிடைத்த ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழைமையான இழையுணவைப் பற்றி 2005-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது எதனால் ஆனதாம்? தினையும் பனிவரகும்! உசிலம்பட்டிக் கரட்டு நிலத்துக்காரனுக்கு இது வேற்றுத் தானியமா? மாவைப் பிழிந்து உண்ணும் கலை எந்த ஒரு நாட்டின் தனிச்சொத்துமன்று. நம் இடியாப்பமும் சேவையும் அந்தக் குடும்பத்தின் அரிசிக் கிளை. ரம்ஜானன்று நம் இசுலாமிய நண்பர்கள் வீட்டில் பாலும் பேரீச்சையும் சேர்த்துக் காய்ச்சும் சேமியா அதன் இனிப்புக் கிளை.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான். முதற்கட்டமாக 1,545 பள்ளிகள். ஒரு குழந்தைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், கூடவே காய்கறி என்று அளவு வகுத்தார்கள். அந்தப் பட்டியலில் சேமியா உப்புமாவும் சேமியா காய்கறிக் கிச்சடியும் இடம் பெற்றன. பசித்த குழந்தைகளுக்கென ஓர் அரசு தேர்ந்தெடுத்த உணவை, படித்த இளைஞராகிய நாம் மறைத்து வைத்து உண்பதா?

“அப்படியானால் பாஸ்தா உண்ணவே கூடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக உண்ணலாம்! வெளிநாட்டு உணவு என்பதற்காக ஒன்றை வெறுப்பதும், வீட்டு உணவு என்பதற்காக ஒன்றை இகழ்வதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். நான் மறுப்பது உணவையன்று; உணவை வைத்து மனிதனுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை.

“சேமியா வெறும் மைதாதானே, அதில் சத்து ஏது?” என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமான கேள்வி. வெங்காயமும் மிளகாயும் மட்டும் போட்டுத் தாளித்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. ஆனால் வெண்ணெய்ச் சாற்றில் மிதக்கும் பாஸ்தாவுக்கும் அதே கேள்வி உண்டல்லவா? வழி எளியது. ஒரு டம்ளர் சேமியாவை ஒரு கரண்டி எண்ணெயில் பொன்னிறமாக வறுங்கள். கேரட், பீன்ஸ், பட்டாணி என்று சேமியாவின் அளவுக்குக் காய்கறி சேருங்கள். இல்லையேல் கொல்லை முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போதும். இரண்டு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, அது தளதளவென்று கொதித்த பிறகே சேமியாவைக் கொட்டுங்கள். தீயைக் குறைத்து மூடிவையுங்கள். இறக்கும்போது வறுத்த நிலக்கடலை தூவுங்கள். கேழ்வரகு, கம்பு, வரகு ஆகியவற்றிலும் இப்போது சேமியா வருகிறது. வாரம் ஒருமுறை அதையும் வாங்கலாம்.

மேலே ‘வறுங்கள், கொட்டுங்கள்’ என்று யாரை நோக்கிச் சொன்னேன்? மாணவியரை மட்டுமல்ல. பொருளியலில் உழைப்புக்குக் கூலி உண்டு என்று படிக்கிறோம். விடியுமுன் பூ எடுத்தவரின் உழைப்புக்குக் கூலி கிடைக்கிறது. அவரே ஏழு மணிக்கு அடுப்படியில் நின்ற உழைப்புக்கு என்ன கிடைத்தது? என் பங்குக்கு, ஒரு பொய். இருபது வயது ஆண்மகனுக்கு இருபது நிமிடத்தில் ஆகும் ஓர் உணவைச் சமைக்கத் தெரியாது என்றால், வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான்!

இப்போது ஞாயிறும் புதனும் எங்கள் வீட்டில் சேமியா என் பொறுப்பு. முதல் நாள் களியாகக் குழைந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உண்டுவிட்டு, “தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சுய்யா” என்றார். நான் அவர் சமைத்ததை நாய்க்குப் போட்டேன். அவர் நான் சமைத்ததை மிச்சம் வைக்காமல் உண்டார்.

அந்த மூன்று நாள் கதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பார். இந்த ஆண்டு மலர் கைக்கு வந்ததும் இப்பக்கத்தைத் திறந்து அவரிடம் கொடுக்கப் போகிறேன். நண்பர்களே, நீங்கள் நாளை மதியம் டிபன் பாக்ஸின் மூடியை முழுதாகத் திறங்கள்!